எஸ்டேட் பரணில் கிடைத்த மூன்று கார்டுகள்: இதில் எது நெட்வொர்க் கார்டு?

சில்வர்ஓக்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் என் மாமா ரைட்டராக (கணக்கு எழுதுபவராக) இருந்த காபி எஸ்டேட்டில் பழைய ஆபீஸ் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். பரணில் இருந்ததை எல்லாம் கீழே இறக்கி, வேண்டியதை எடுத்துக்கொள், மீதி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது என்று முதலாளி மாமாவிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் போய் ஒரு 486 (பழைய காலத்து கம்ப்யூட்டர்) பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்தேன், கூட ஒரு பிஸ்கட் டின். இப்போது இரண்டும் அழகாபுரத்தில் என் சாப்பாட்டு மேஜை மேல் இருக்கின்றன, வீட்டில் திட்டு விழுந்துகொண்டே இருக்கிறது.

படம் ஏற்றப் பார்த்தேன், அளவு அதிகம் என்று தள்ளிவிட்டது. அதனால் வார்த்தையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கார்டு 486 பெட்டிக்குள்ளேயே செருகி இருந்தது. கறுப்பு நிற நீள ஸ்லாட், அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல இன்னொரு குட்டி ஸ்லாட், இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறது. வெளியே தெரிகிற தகட்டில் மூன்று வாய். ஒன்று இன்றைய லேன் கேபிள் போகிற சதுர ஓட்டை. ஒன்று சிசிடிவி கேமராவில் வருவதுபோல வட்டமாக, திருகி மாட்டுவது. இன்னொன்று இரண்டு வரிசையில் 15 ஓட்டை, அதன் மேல் ஒரு தகடு இப்படியும் அப்படியும் நகர்கிறது. பெரிய சில்லின் மேல் 3காம் என்றும் 'பாரலல் டாஸ்கிங்' என்றும் எழுதியிருக்கிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தவை. இரண்டாவது குட்டையான கார்டு, அடியில் ஒரே துண்டுத் தங்கப் பல்வரிசை. வெளியே அந்த வட்ட வாய் ஒன்று மட்டும். கார்டின் ஓரத்தில் எட்டுக் குட்டி சுவிட்சுகள் கொண்ட ஒரு நீலத் துண்டு. மூன்றாவது நீளமானது, வெளியே 9 ஓட்டை உள்ள வாய் ஒன்று, பக்கத்திலேயே 25 ஓட்டை உள்ளது ஒன்று. இணையத்தில் தேடியதில் 9 ஓட்டை என்றால் டோக்கன் ரிங் என்ற பழைய நெட்வொர்க் வகை என்று ஒரு இடத்தில் பார்த்தேன், சரியா?

மாமாவுக்கு ஞாபகம் உள்ளது இவ்வளவுதான். ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், கீழே பல்ப்பர் ஹவுஸில் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இடம்) ஒன்று, நடுவே ஒரு கறுப்பு வயர். கீழே பழம் எடை போட்டதும் மேலே ஆபீசில் தெரியும். இந்த 486 அதற்கெல்லாம் அப்புறம் வந்தது. செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிக் கணக்கு) முழுவதும் கடைசியில் இதில்தான் இருந்தது என்கிறார், அந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். 78 வயது. பெட்டியை ஆன் செய்தேன், ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, திரையில் சிமாஸ் பிழை என்று நின்றுவிடுகிறது.

இதில் நெட்வொர்க் கார்டு எது? வீட்டு ரௌட்டரில் இணைத்து ஃபைல்களை எடுக்க முடியுமா?

ஐந்துரோடு_ரைடர்

முதல் கார்டு நெட்வொர்க் கார்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மற்ற இரண்டையும் டின்னோடு எடைக்குப் போடுங்கள் நண்பரே. இல்லையென்றால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தங்கம் உருக்குகிறவர்களிடம் கேளுங்கள், அந்தப் பல்வரிசைக்காக வாங்கிக்கொள்வார்கள். ஃபைல்தான் வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் முடிந்தது கதை, எதற்கு இவ்வளவு சுற்று?

மண்டித்தெரு_மெக்கானிக்

எடைக்குப் போடாதீர்கள் தம்பி. அவர் சொன்ன அடாப்டர் வழியும் அவ்வளவு சுலபம் இல்லை. அந்தக் காலத்து டிஸ்க்குகள் சிலவற்றுக்கு எல்பிஏ, அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் வரிசை எண் கொடுத்துக் கேட்கும் முறை, தெரியாது, சிலிண்டர், ஹெட், செக்டார் என்று கேட்டால்தான் பதில் சொல்லும். இன்றைய யூஎஸ்பி அடாப்டர்கள் பல எல்பிஏ மட்டும்தான் பேசும், டிஸ்க் நன்றாக இருந்தாலும் செத்துவிட்டது என்று உங்களை நம்ப வைத்துவிடும். முயற்சி செய்யலாம், தப்பில்லை. வரவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். இனிமேல் ஆன் செய்யாதீர்கள். மதர்போர்டில் கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் சின்ன பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி சாலிடர் செய்து இருக்கிறதா பாருங்கள். நிக்கல் காட்மியம் பேட்டரி, முப்பது வருடத்தில் கட்டாயம் ஒழுகியிருக்கும், ஏற்காட்டுப் பனியில் இருந்தது என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றிலும் பச்சை பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்து சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். அது காரம், அதனால்தான் அமிலமான வினிகர். டிஸ்க் எண், தேதி போன்ற அமைப்புகளை நினைவில் வைப்பது சிமாஸ், அதற்குக் கரண்ட் கொடுக்கும் இந்தப் பேட்டரி செத்ததால்தான் அந்தப் பிழையும்.

இப்போது கார்டுகளுக்கு வருவோம். முதல் கார்டு 3காம் ஈதர்லிங்க் 3, மாடல் 3சி509 குடும்பம், மூன்று வாயும் இருப்பதால் காம்போ என்பார்கள். எனக்குத் தெரிந்து ஐஎஸ்ஏ (அந்த நீளக் கறுப்பு ஸ்லாட்) காலத்தில் இதைவிடப் பிரச்சினை குறைவான கார்டு கிடையாது. மூன்று வாய் எதற்கு என்று கேட்பீர்கள். மூன்றும் ஒரே ஈதர்நெட்தான் (இன்றைய லேனும் அதுதான்), மூன்று காலத்துக் கேபிள், அவ்வளவுதான். அந்த 15 ஓட்டை வாய்க்கு ஏயுஐ என்று பெயர், தடித்த கோஆக்ஸ் கேபிள் (டிவி கேபிள் மாதிரி நடுவில் ஒரே கம்பி உள்ளது) காலத்து வழி. அந்தக் கேபிள் விரல் பருமன் இருக்கும், ஒரே ஓட்டத்தில் 500 மீட்டர் போகும், கார்டிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போய் அங்கிருந்துதான் அதைத் தொட வேண்டும். வட்ட வாய் பிஎன்சி, 1985இல் தரப்படுத்திய மெல்லிய கோஆக்ஸ், ஒரு துண்டு 185 மீட்டர், அதில் 30 இணைப்பு வரை. சதுர வாய் ஆர்ஜே45, 1990இல் வந்த முறுக்குக் கம்பி வழி, 100 மீட்டர். கேபிள் மாற்றும்போது கார்டையும் மாற்ற வேண்டாம் என்று மூன்றையும் ஒரே தகட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

15 ஓட்டையைப் பார்த்து யாராவது ஜாய்ஸ்டிக் வாய் என்று சொன்னால் நம்பாதீர்கள். சவுண்டு கார்டில் இருக்கிற கேம் போர்ட்டும் அதே அளவு, அதே 15. வித்தியாசம் நீங்களே சொல்லிவிட்டீர்கள், அந்த நகரும் தகடு. ஏயுஐயில் திருகு இருக்காது, தகட்டை நகர்த்தினால் கேபிளைப் பூட்டிக்கொள்ளும். மாற்றி மாட்டினால் விளையாட்டு இல்லை, ஏயுஐயில் 12 வோல்ட் வருகிறது, ஜாய்ஸ்டிக் எதிர்பார்ப்பது 5 வோல்ட். மூன்று வரிசையில் 15 இருந்தால் அது மானிட்டருக்கான விஜிஏ, அது வேறு.

மூன்றாவது கார்டு நெட்வொர்க்கே இல்லை. 9 ஓட்டை வாய் டோக்கன் ரிங்கிலும் உண்டு, உண்மைதான், ஆனால் அதே வாய்தான் விஜிஏக்கு முந்திய மானிட்டர்களுக்கும். பக்கத்தில் 25 ஓட்டை பிரிண்டர் வாய் இருக்கிறது என்றீர்கள், அதிலேயே தெரிந்துவிட்டது. ஹெர்குலிஸ் வகை கறுப்பு வெள்ளை டிஸ்ப்ளே கார்டு, 720க்கு 348 புள்ளி. பச்சை அல்லது ஆரஞ்சு எழுத்து மானிட்டரோடு இங்கே எத்தனையோ ஆபீஸில் ஓடியது. உறுதி செய்ய வேண்டுமென்றால் 6845 என்று எண் போட்ட சில் இருக்கிறதா பாருங்கள். டோக்கன் ரிங் கார்டு என்றால் டிஎம்எஸ்380 என்று தொடங்கும் எண் பெரும்பாலும் கண்ணில் படும், பிரிண்டர் வாய் இருக்காது.

இரண்டாவது, பிஎன்சி மட்டும் உள்ள குட்டைக் கார்டு, மெல்லிய ஈதர்நெட். என்இ1000 மாதிரி எட்டு பிட் கார்டு ஏதாவது இருக்கும். சுவிட்சு ஐஆர்க்யூவுக்கும் (கார்டு சிபியூவை அழைக்கும் எண்) முகவரிக்கும்.

மெல்லிய ஈதர்நெட் பற்றி ஒரு கதை சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. லீ பஜார் பக்கம் ஒரு மண்டியில் ஆறு மெஷினுக்கு இந்த லைன் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு மெஷின் பின்னாலும் ஒரு டி கனெக்டர், வரிசையின் இரண்டு கோடியிலும் ஒரு டெர்மினேட்டர், 50 ஓம். பார்க்க வெறும் மூடி மாதிரி இருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன, போன் மேல் போன். போய்ப் பார்த்தால் முதலாளியின் பையன், சும்மா ஒரு மூடி தொங்குகிறதே என்று கழற்றி டிராயரில் போட்டிருக்கிறான். கோடியில் அது இல்லையென்றால் சிக்னல் சுவரில் மோதிய பந்து மாதிரி திரும்பி வந்து எல்லாரையும் குழப்பும், அந்த ஒரு இடம் மட்டும் இல்லை, மொத்த லைனும் போய்விடும். அதற்கப்புறம் அந்த மூடிமேல் சிவப்பு நெயில் பாலிஷ் அடித்து வைத்தேன்.

நீங்கள் அந்த வழிக்குப் போவதாக இருந்தால் சிசிடிவி கடையில் கிடைப்பதை அப்படியே வாங்காதீர்கள், அது 75 ஓம். வாய் பொருந்தும், வேலை பொருந்தாது. 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒரு பிஎன்சி மூடிக்குள் சாலிடர் செய்தால் 50 ஓம் ஆகிவிடும். எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு லைனில் எங்காவது மல்டிமீட்டர் வைத்தால் 25 ஓம் காட்ட வேண்டும், இரண்டு 50 பக்கம் பக்கமாக இருப்பதால். 50 காட்டினால் ஒரு மூடியைக் காணோம் என்று அர்த்தம்.

நோட்_255

மெக்கானிக் அண்ணா சொன்னது எல்லாம் சரி, இரண்டாவது கார்டு மட்டும் எனக்கு இடிக்கிறது. பிஎன்சி இருந்தால் ஈதர்நெட் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எட்டு சுவிட்சு வரிசையாக, அதுவும் கைக்கு எட்டுகிற மாதிரி கார்டின் ஓரத்தில் இருக்கிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஆர்க்நெட், ஈதர்நெட்டுக்குப் போட்டியாக இருந்த இன்னொரு நெட்வொர்க் வகை. என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் அந்தப் பைத்தியம்தான்.

ஈதர்நெட் கார்டுக்கு முகவரி தொழிற்சாலையிலேயே எரித்து வருகிறது, ஆறு பைட். பெரும்பாலும் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதன் முதல் ஆறு இலக்கமே யார் செய்தது என்று சொல்லிவிடும். 00 00 1பி என்றால் நாவெல், 00 60 8சி அல்லது 00 ஏ0 24 என்றால் 3காம், 00 இ0 4சி என்றால் ரியல்டெக். கார்டின் பெயர் அழிந்து போயிருந்தாலும் இது காட்டிக் கொடுத்துவிடும். ஆர்க்நெட்டில் அந்த வசதி கிடையாது, முகவரி ஒரே ஒரு பைட், அதை நாம்தான் எட்டு சுவிட்சில் வைக்க வேண்டும். 1 முதல் 255 வரை, 0 எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்க. இரண்டு கார்டில் ஒரே எண்ணை வைத்துவிட்டால் அன்று முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு அடையாளம், மெல்லிய ஈதர்நெட் கார்டில் பிஎன்சி பக்கத்தில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு மூடிய பெட்டி இருக்கும். கேபிள் பக்க மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கிற டிசி டிசி கன்வர்ட்டர் அது, கூடவே பெரும்பாலும் 8392 என்று முடியும் சில். உங்கள் 3காம் கார்டிலும் அந்தப் பெட்டியைத் தேடிப் பாருங்கள், அகப்படும். ஆர்க்நெட்டில் அது தேவையில்லை. அதற்குப் பதில் பிஎன்சி ஓரத்தில் சீப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஒரு துண்டு இருக்கும், எச்ஒய்சி என்று எண் தொடங்கும்.

சில்வர்ஓக், நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். குட்டைக் கார்டில் ஸ்டிக்கர் உண்டா, பெரிய சில்லில் என்ன எழுதியிருக்கிறது, ஆபீசுக்கும் பல்ப்பர் ஹவுசுக்கும் எவ்வளவு தூரம், அந்தக் கறுப்பு வயரில் ஒரு துண்டாவது கிடைத்தால் தோலின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆர்ஜி-58 என்றால் அண்ணா சொன்னது சரி, 50 ஓம். ஆர்ஜி-62 என்றால் நான் சொல்வது சரி, 93 ஓம். மல்டிமீட்டரால் கேபிளை அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், டெர்மினேட்டரைத்தான் அது அளக்கும், கேபிளின் 93 ஓம் அதற்குப் புரியாது. பருமனைப் பார்த்தும் சொல்ல முடியாது, ஆர்ஜி-62வும் பழைய டிவி கேபிளான ஆர்ஜி-59உம் ஏறக்குறைய ஒரே பருமன்.

சில்வர்ஓக்

பேட்டரி ஒழுகியிருந்தது அண்ணா, நீங்கள் சொன்ன அதே பச்சை. நல்லவேளை, கீபோர்டு வாய் வரைக்கும்தான் போயிருந்தது. வெட்டி எடுத்துவிட்டேன். வினிகர் வாசனையில் வீட்டில் ஊறுகாய் போடுகிறேனா என்று கேட்டார்கள்.

மூன்றாவது கார்டில் 6845 இருக்கிறது. டிஸ்ப்ளே கார்டுதான், சந்தேகமே இல்லை.

3காம் கார்டின் பின்புறம் ஸ்டிக்கர் 00 60 8சி என்று தொடங்குகிறது, அந்த மூடிய பெட்டியும் இருக்கிறது. குட்டைக் கார்டில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை, ஒட்டிய தடமும் இல்லை. சதுரமான பெரிய சில்லின் மேல் எஸ்எம்சி, அதன் கீழே காம்90சி65. வட்ட வாய்க்குப் பக்கத்தில் சீப்பு மாதிரி ஒன்று நிற்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தால் எச்ஒய்சி 9068.

தூரத்துக்கு மாமாவிடம் போனில் கேட்டேன். ஆபீசிலிருந்து பல்ப்பர் ஹவுஸ் சரிவில் இறங்கி, களத்தைச் சுற்றி, ஓடைப் பக்கம். நானூறு மீட்டருக்குக் குறையாது என்கிறார். தினம் மூன்று தடவை ஏறி இறங்கியவர், அவர் கணக்கு தப்பாது. வயர் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்களில் கட்டித் தொங்கவிட்டது, அதில் பாதி இன்னும் மரத்திலேயே இருக்கிறதாம். வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு முழம் வெட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார். பரணில் டிவி ஸ்ப்ளிட்டர் மாதிரி ஒரு பெட்டி இருந்ததும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது, எட்டு வட்ட வாய், கரண்ட் வயர் கூட இருந்தது. டிவி சாமான் என்று நானே இரும்புக் குவியலில் எறிந்தேன்.

நோட்_255

ஐயோ, அந்தப் பெட்டியை உடனே மீட்டெடுங்கள்! அது ஆர்க்நெட் ஆக்டிவ் ஹப், சிக்னலைப் பெருக்கி எல்லா மெஷினுக்கும் அனுப்பும் பெட்டி.

மண்டித்தெரு_மெக்கானிக்

தப்பு என்னுடையதுதான், தம்பி நோட் சொன்னது சரி. காம்90சி65 ஆர்க்நெட் சில்லேதான், எண்ணைக் கேட்காமலே வாயைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். நான் சேலத்தில் போட்டதெல்லாம் கடை, மண்டி, ஒரே கட்டடத்துக்குள், அதனால் பிஎன்சி என்றாலே கை மெல்லிய ஈதர்நெட்டுக்குப் போய்விடுகிறது.

400 மீட்டர் என்று கேட்டவுடன் எல்லாம் புரிந்துவிட்டது. மெல்லிய ஈதர்நெட் 185 மீட்டரில் மூச்சு விட்டுவிடும், நடுச்சரிவில் சிக்னலைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர் வைக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும், மழைக்குக் கூரை வேண்டும். ஆர்க்நெட்டில் ஆக்டிவ் ஹப்பிலிருந்து ஒரு மெஷினுக்கு 2000 அடி, 610 மீட்டர் வரை ஒரே இழுப்பு. வேகம் நொடிக்கு 2.5 மெகாபிட்தான், ஈதர்நெட்டில் நாலில் ஒரு பங்கு, ஆனால் காபிப் பழம் எத்தனை கிலோ என்று சொல்ல அது ஏராளம். 1977இல் டேட்டாபாயிண்ட் கம்பெனி கொண்டுவந்த பழைய சங்கதி, அந்த வருடத்தில் ஈதர்நெட் கடைக்கே வரவில்லை. அந்த லைனைப் போட்டவர் யாரோ, இடத்தைப் பார்த்து, அளந்து, யோசித்துப் போட்டிருக்கிறார். மலையில் மரத்துக்கு மரம் கோஆக்ஸ் தொங்கவிட்டால் இடி காலத்தில் என்ன ஆகும் என்று நினைத்தால்தான் வயிறு கலக்குகிறது.

மாமாவிடம் ஐப்பசி மழையில் எத்தனை கார்டு போயிற்று என்று கேளுங்கள்.

இனி ஃபைலுக்கு வருவோம். பேட்டரி எடுத்துவிட்டதால் பயோஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) எல்லாவற்றையும் மறந்திருக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்கள் இருக்கும், அதை செட்டப்பில் கையால் போடுங்கள். டாஸ் (விண்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) எழும்பி, ஃபைல் பட்டியல் ஒழுங்காக வந்தால் சரி. கண்டபடி எழுத்து வந்தால் எண் தப்பு, எதையும் சேமிக்காமல் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

3காம் கார்டில் ஜம்பர் கிடையாது. ஐஆர்க்யூ, முகவரி, மூன்று வாயில் எதில் பேச வேண்டும் என்பது வரை அதன் டாஸ் செட்டப் நிரலில்தான் சொல்ல வேண்டும், 3சி5எக்ஸ்9சிஎஃப்ஜி என்று தேடினால் கிடைக்கும். போன முறை பயன்படுத்தியவர் கோஆக்ஸ் என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் நீங்கள் ஆர்ஜே45இல் என்ன செருகினாலும் ஊமையாக இருக்கும், கார்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை ட்விஸ்டட் பேர் என்று மாற்றுங்கள். முகவரியை 300இல் விடுங்கள், ஐஆர்க்யூ 10 வையுங்கள், 3 வைத்தால் இரண்டாவது சீரியல் போர்ட்டோடு சண்டை வரும். அப்புறம் அந்தக் கார்டின் பாக்கெட் டிரைவரை ஏற்றி, மேலே எம்டிசிபி என்ற நெட்வொர்க் நிரல் தொகுப்பைப் போட்டால் டாஸிலிருந்தே எஃப்டிபி வழியாக ஃபைல் அனுப்பலாம்.

ஐந்துரோடு_ரைடர்

எடைக்குப் போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், இன்றைய கிகாபிட் ரௌட்டர் இந்த 10 மெகாபிட் கிழவனோடு பேசுமா?

நோட்_255

பேசும். சாதாரண கிகாபிட் போர்ட் 10, 100, 1000 மூன்றுக்கும் இறங்கி வரும். 2.5 கிகாபிட், 10 கிகாபிட் போர்ட்டுகளில்தான் சிலவற்றில் 10ஐ எடுத்துவிட்டார்கள். அப்படி இருந்தால் நடுவே ஒரு பழைய நூறு மெகாபிட் சுவிட்சைப் போட்டால் போதும்.

சில்வர்ஓக்

தாமதத்துக்கு மன்னிக்கவும், இந்த வாரம் முழுக்க இதுதான் வேலை.

முதலில் ஹப். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மேலே போனேன். இரும்புக் குவியலை முந்தின நாளே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். திரும்பி இறங்கி, அடிவாரத்திலிருந்து விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கடையில் மின்விசிறிக் காயில்களுக்கு அடியில் கண்டுபிடித்தேன். எடைக்கு எடை கொடுத்து வாங்கினேன், கிலோ கணக்கில் ஆர்க்நெட் வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாட்ச்மேன் அனுப்பிய வயர்த் துண்டில் பாசியைத் துடைத்துப் பார்த்தேன். ஆர்ஜி-62 என்று தெளிவாக இருக்கிறது.

486இல் டிஸ்க் எண்களைப் போட்டதும் டாஸ் வந்துவிட்டது. 3காம் செட்டப்பில் பார்த்தால் மெக்கானிக் அண்ணா சொன்ன மாதிரியே கோஆக்ஸ் என்று இருந்தது. மாற்றிய பிறகு ரௌட்டரில் விளக்கு எரிந்தது. எஃப்டிபியில் ஒரு ஃபோல்டர் முழுவதும் லேப்டாப்புக்கு வந்துவிட்டது, எல்லாம் டிபிஎஃப் (டிபேஸ் அட்டவணை) ஃபைல், இன்றைய ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளே திறந்துவிட்டது. மாமாவைக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். பெயர் பெயராகப் படித்துக்கொண்டே போனார், இவள் பொண்ணு இப்போது நர்ஸ், இவன் கேரளா போய்விட்டான் என்று. ஒரு இடத்தில் நிறுத்தி, இந்த வாரம் இவருக்கு அரை நாள் குறைத்துப் போட்டிருக்கிறேன், அப்போதே சண்டை போட்டார், அவர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் போய்த் தட்டுவடை செட் வாங்கி வந்தேன்.

மழைக்கு எத்தனை கார்டு போயிற்று என்றும் கேட்டேன் அண்ணா. மூன்று என்றார், நான்காவதாக வாங்கியதுதான் டின்னில் இருப்பதாம். இடி சத்தம் கேட்டாலே ஓடிப்போய் வட்ட வாயைக் கழற்றி மேஜைமேல் போடுவது அவருடைய வேலையாகவே இருந்திருக்கிறது.

குட்டைக் கார்டின் சுவிட்சுகளை அவர் வைத்தபடியே விட்டிருக்கிறேன். பல்ப்பர் ஹவுஸ் கம்ப்யூட்டரில் இதன் ஜோடி இருந்திருக்க வேண்டும், அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நோட்_255, உங்களிடம் உபரியாக ஒரு ஆர்க்நெட் கார்டு இருந்தால் சொல்லுங்கள், எட்டு பிட், ஹப்பில் இணைக்கும் ஸ்டார் வகை. மரத்தில் இன்னும் இருநூறு மீட்டர் வயர் தொங்குகிறது.